தீர்ப்புக்கு முன்பே முடிந்துவிடும் வழக்குகள்: தமிழ்ப் படங்களும் நீதிமன்றமும்

கேள்வி இது: “தமிழ்ப் படங்களில் வரும் நீதிமன்றக் காட்சிகள் எந்த அளவுக்கு உண்மை? சட்டத்தின் முன் ஏழைக்கும் வசதி படைத்தவருக்கும் உள்ள வேறுபாட்டை அவை சரியாகக் காட்டுகின்றனவா? சட்டம் படிக்கத் தொடங்கும் ஒருவர் எந்தப் படங்களைப் பார்க்கலாம்?”

முதல் பகுதிக்கு விடை சுருக்கமானது. பெரும்பாலான காட்சிகள் உண்மைக்கு வெகு தூரத்தில் இருக்கின்றன. நம் நீதிபதிகள் சுத்தியலால் மேசையைத் தட்டுவதில்லை. சாட்சியிடம் கீதையை நீட்டுவதும் இல்லை. 1969-ஆம் ஆண்டின் சத்தியப் பிரமாணச் சட்டப்படி கடவுளின் பெயராலோ மனசாட்சிப்படியோ உறுதிமொழி சொன்னால் போதும். கடைசி நிமிடத்தில் கதவைத் தள்ளிக்கொண்டு வரும் சாட்சியும் கிடையாது. குற்றப்பத்திரிகையோடு சாட்சிகளின் பட்டியலும் தாக்கலாகிவிடும். அதில் இல்லாத ஒருவரை அழைக்க வேண்டுமானால் மனுப் போட வேண்டும், எதிர்த்தரப்பு ஆட்சேபிக்கும், அந்த மனுவுக்கே இரண்டு வாய்தா ஆகும்.

ஒரு தந்திரத்தை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். செய்யாத கொலைக்காகச் சிறை சென்று திரும்பியவன், உயிரோடு இருக்கும் அதே ஆளைத் தேடிப்பிடித்துக் கொன்றுவிட்டு, “இதற்கான தண்டனையை முன்பே அனுபவித்துவிட்டேன்” என்பான். பல மொழிப் படங்களில் கைதட்டல் வாங்கிய காட்சி இது. அரசியலமைப்பின் 20(2) பிரிவு ஒரே குற்றத்துக்கு இரண்டு முறை தண்டிப்பதைத்தான் தடுக்கிறது. இன்று செய்த கொலை வேறு நாளில், வேறு இடத்தில் நடந்த வேறு குற்றம். பழைய தண்டனை தவறென்று காட்டி இழப்பீடு கேட்கலாம், கொலை செய்ய உரிமை கேட்க முடியாது. இதை நம்பிக் கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

இவையெல்லாம் மேல்பூச்சுப் பிழைகள். படத்தில் சுத்தியல் இருந்ததால் யாரும் கெட்டுப்போகவில்லை. உங்கள் இரண்டாவது கேள்விதான் கனமானது. அதற்கு என் பதில்: ஏற்றத்தாழ்வு இருக்கிறது என்று சினிமா சரியாகச் சொல்கிறது, எங்கே இருக்கிறது என்பதைத் தவறாகக் காட்டுகிறது. படங்களில் அநீதி தீர்ப்பில் இருக்கும். நீதிபதி விலைபோயிருப்பார், சாட்சி மிரட்டப்பட்டிருப்பார், அமைச்சரின் மகன் சிரித்துக்கொண்டே வெளியே போவான். வில்லனை நீக்கிவிட்டால் சட்டம் ஒழுங்காக ஓடும் என்ற எண்ணத்தோடு பார்வையாளர் வீட்டுக்குப் போவார். நடைமுறையில் ஏழையின் வழக்கு தீர்ப்பு வரை காத்திருப்பதே அரிது. கைதான முதல் நாளிலும், ஜாமீன் மனுவிலும், வாய்தாக்களிலும், புரியாத மொழியிலும் அது ஏறத்தாழ முடிந்துவிடுகிறது. அங்கே வில்லன் யாரும் தேவையில்லை. எல்லோரும் தங்கள் அன்றாட வேலையைச் செய்துகொண்டிருந்தாலே போதும்.

தமிழ் சினிமாவின் நீதிமன்றத்துக்கு அஸ்திவாரம் போட்டது 1952-இல் வந்த ‘பராசக்தி’. மு. கருணாநிதியின் வசனம், சிவாஜி கணேசனின் முதல் படம். கூண்டில் நிற்கும் குணசேகரன் தன்மீதான குற்றங்களைத் தானே வரிசையாகச் சொல்லி, ஒவ்வொன்றுக்கும் சமூகத்தைப் பொறுப்பாளியாக்குகிறான். யாரும் அவனைத் தடுத்து நிறுத்துவதில்லை. அரசுத் தரப்பு அவனுக்கு வாகாக ஒரு வரியை எடுத்துக்கொடுத்து ஒதுங்கிக்கொள்கிறது. அவன் தங்கையின் வழக்கை விசாரிக்கும் நீதிபதி, இருவருக்கும் உடன்பிறந்த அண்ணன். உறவு தெரிந்ததும் அவர் வழக்கிலிருந்து விலகியிருக்க வேண்டும். அவரோ மயங்கி விழுகிறார். நாடகத்துக்கு அதுதான் பொருத்தம்.

நிஜ விசாரணையில் குற்றம் சாட்டப்பட்டவர் எவ்வளவு பேசுகிறார் தெரியுமா? அரசுத் தரப்புச் சாட்சிகள் அனைவரும் முடிந்த பிறகு அவருக்கு ஒரு வாய்ப்பு உண்டு. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் அது 313-ஆவது பிரிவு. அதன் இடத்தில் 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக சுரக்ஷா சன்ஹிதாவில் 351-ஆவது பிரிவு. நீதிமன்ற வட்டாரத்தில் இன்னமும் ‘முந்நூற்றுப் பதின்மூன்று’ என்றுதான் சொல்வார்கள். தட்டச்சு செய்து வைத்த கேள்வித்தாள் ஒன்று இருக்கும். “முதல் சாட்சி உங்களை அந்த இடத்தில் பார்த்ததாகச் சொல்கிறார். என்ன சொல்கிறீர்கள்?” “பொய்.” “மூன்றாம் சாட்சி உங்கள் கையில் அரிவாள் இருந்ததாகச் சொல்கிறார்.” “பொய்.” “உங்கள் தரப்பில் சாட்சிகள் உண்டா?” “இல்லை.” கையெழுத்து, இல்லையென்றால் கைநாட்டு. முடிந்தது. பொய் என்ற ஒரு சொல்லுக்கு மேல் பேச வேண்டாமென்று அவருடைய வழக்கறிஞரே சொல்லிக்கொடுத்திருப்பார். காரணம் இருக்கிறது: கூடுதலாகப் பேசினால் அரசுத் தரப்பு விட்டுவைத்த ஓட்டையை அவரே அடைத்துவிடக்கூடும். மாதக்கணக்கில் நடந்த விசாரணையில், தன் வாழ்க்கையைப் பற்றி அந்த மனிதர் நீதிமன்றத்தில் சொன்ன மொத்தச் சொற்களும் ஒரு தாளின் ஓரத்தில் அடங்கிவிடும்.

இந்த மௌனத்தை வைத்துப் பார்த்தால் குணசேகரனின் நீண்ட உரை பொய்யாகத் தெரியும். எனக்கு அது பொய்யாகத் தெரிவதில்லை. முதல் பொதுத் தேர்தல் நடந்து முடிந்த அதே ஆண்டில் வந்த படம் அது. அப்போதுதான் வாக்குரிமை பெற்ற ஒரு கூட்டம், கூண்டில் நிற்பவன் வாய் திறப்பதைக் கொட்டகையில் உட்கார்ந்து பார்த்தது. நீதிமன்றத்தில் கிடைக்காத ஒன்றைத் திரை கொடுத்தது. சிக்கல் என்னவென்றால், அதற்குப் பின் வந்த படங்கள் அந்த ஆவேசத்தை விட்டுவிட்டு மேடையை மட்டும் வைத்துக்கொண்டன. நீதிமன்றம் பட்டிமன்றமாக ஆனது. யார் நன்றாகப் பேசுகிறாரோ அவர் ஜெயிப்பார். 1984-இல் வந்த ‘விதி’யின் நீதிமன்ற வாதங்களை ஒலிநாடாவில் ஊர் ஊராகக் கேட்டார்கள், படம் பார்க்காமலேயே. வாதத்தைப் பாட்டைப்போல ரசிக்கும் மக்களுக்கு, வழக்கின் பெரும்பகுதி காகிதத்திலும் காத்திருப்பிலும் நடக்கிறது என்று எந்தப் படம் சொல்லும்?

சினிமா நீதிமன்றத்தின் பெரிய கற்பனை எது என்று என்னைக் கேட்டால், அங்கே எல்லோரும் தமிழ் பேசுகிறார்கள் என்பதைச் சொல்வேன். கூண்டில் நிற்பவர், வழக்கறிஞர், நீதிபதி மூவருக்கும் அங்கே ஒரே மொழி. அரசியலமைப்பின் 348-ஆவது பிரிவின்படி உச்ச நீதிமன்றத்துக்கும் உயர் நீதிமன்றங்களுக்கும் மொழி ஆங்கிலம். ராஜஸ்தான், உத்தரப் பிரதேசம், மத்தியப் பிரதேசம், பீகார் உயர் நீதிமன்றங்களில் இந்திக்கு அனுமதி உண்டு. சென்னை உயர் நீதிமன்றத்தில் தமிழைப் பயன்படுத்த அனுமதி கேட்டுத் தமிழகச் சட்டப்பேரவை 2006-இல் தீர்மானம் போட்டது. அனுமதி கிடைக்கவில்லை. கீழ் நீதிமன்றங்களில் தமிழ் உண்டு. அங்கேயும் சட்டச் சொற்கள் பாதி ஆங்கிலம், மீதி உருதுவும் பாரசீகமும் கலந்த பழைய நீதிமன்றத் தமிழ். தன் மேல்முறையீட்டைக் கேட்க ஊரிலிருந்து வந்து பின்வரிசையில் உட்கார்ந்திருப்பவர், வாதம் முடிந்து வெளியே வந்ததும் தன் வழக்கறிஞரிடம் முதலில் கேட்பது, “ஐயா, அவர் என்ன சொன்னார்?” என்பதுதான்.

இதைத் தொட்ட படங்கள் மிகக் குறைவு. மாரி செல்வராஜின் ‘பரியேறும் பெருமாள்’ (2018) நீதிமன்றப் படம் இல்லை. ஆனால் அதன் நாயகன் திருநெல்வேலியில் சட்டம் படிக்க வந்தவன், ஆங்கிலத்தில் நடக்கும் வகுப்பு புரியாமல் அவமானப்படுகிறவன். சட்டத்துக்குள் நுழையும் வாசலிலேயே ஒருவனை எப்படி நிறுத்துகிறார்கள் என்பதை அந்த வகுப்பறை காட்டிவிடுகிறது. வெற்றிமாறனின் ‘விசாரணை’ இன்னும் நேரடியானது. மு. சந்திரகுமாரின் ‘லாக்கப்’ என்ற தன் அனுபவ நாவலிலிருந்து எடுக்கப்பட்டது. 2015-இல் வெனிஸ் விழாவில் திரையிடப்பட்டு, அடுத்த ஆண்டு இங்கே வெளியானது. குண்டூரில் கூலி வேலை செய்யும் தமிழ் இளைஞர்களைப் பிடித்து, செய்யாத திருட்டை ஒப்புக்கொள்ளச் சொல்லி அடித்து நொறுக்குகிறார்கள். நீதிபதியின் முன் நிறுத்தும்போது அவர்கள் உண்மையைச் சொல்கிறார்கள், ஆனால் தமிழில். நீதிபதிக்குத் தெரிந்தது தெலுங்கு. அன்று வேறொரு வேலையாக அங்கே வந்திருந்த தமிழக இன்ஸ்பெக்டர் ஒருவர் மொழிபெயர்த்துச் சொன்னதால் அவர்கள் பிழைக்கிறார்கள். அவர் அந்த நேரத்தில் அங்கே இல்லாமல் போயிருந்தால்? அந்தக் காட்சியில் கெட்ட நீதிபதி இல்லை. அவர் கேட்கத் தயாராகத்தான் இருக்கிறார். காதில் விழுவதுதான் அவருக்குப் புரியவில்லை.

அடிக்கிற காட்சிகளைப் பற்றியும் இங்கே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மாணவர்கள் இதைக் கேட்பதுண்டு. போலீஸ் அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தைக் குற்றம் சாட்டப்பட்டவருக்கு எதிராகப் பயன்படுத்த முடியாது. 1872-ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டத்தில் 25-ஆவது பிரிவாக இருந்த இந்த விதி புதிய சட்டத்திலும் தொடர்கிறது. அப்படியிருக்க ஏன் அடிக்கிறார்கள்? இரண்டு காரணங்கள். வாக்குமூலத்தின் மூலம் ஒரு பொருள் கைப்பற்றப்பட்டால், அந்தக் கண்டுபிடிப்போடு நேரடியாகத் தொடர்புடைய பகுதி மட்டும் செல்லும். பழைய சட்டத்தில் அது 27-ஆவது பிரிவு. ‘அடையாளம் காட்டியதன் பேரில் மீட்கப்பட்டது’ என்று செய்தித்தாளில் வருவதெல்லாம் இந்தச் சந்து வழியாக வருவதுதான். இரண்டாவது, நீதிபதி முன்னிலையிலேயே குற்றத்தை ஒப்புக்கொள்ள வைத்துவிட்டால் விசாரணையே தேவையில்லை. ‘விசாரணை’யில் அந்தப் போலீசார், நீதிபதியிடம் என்ன சொல்ல வேண்டும் என்பதில் அத்தனை குறியாக இருப்பது இதனால்தான். படம் இந்தப் பிரிவுகளில் ஒன்றின் எண்ணைக்கூடச் சொல்வதில்லை. சட்டம் தெரிந்தவர் பார்க்கும்போது வயிறு இன்னும் கொஞ்சம் பிசையும்.

இனி ஜாமீன். கைதானவரை 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும் என்று அரசியலமைப்பின் 22-ஆவது பிரிவு சொல்கிறது. படங்களில் ஜாமீன் என்பது வில்லனின் வழக்கறிஞர் ஒரு தாளோடு காவல் நிலையத்துக்குள் நுழைவது. ஏழைக்கு ஜாமீன் கிடைப்பது ஒரு வேலை, கிடைத்த ஜாமீனில் வெளியே வருவது இன்னொரு வேலை. இரண்டு ஜாமீன்தாரர்கள் வேண்டும், அவர்கள் பெயரில் சொத்து வேண்டும், வரி ரசீது வேண்டும், அந்த ரசீது உண்மையானதென்று சான்று வேண்டும். சொந்தமாகக் காணி நிலம் இல்லாதவருக்குத் தெரிந்தவர்களும் பெரும்பாலும் அப்படித்தான் இருப்பார்கள்.

இதைப் பற்றிய மிகச் சிறந்த கதை எந்தப் படத்திலும் இல்லை, உச்ச நீதிமன்றத் தீர்ப்பு ஒன்றில் இருக்கிறது. மோத்தி ராம் என்ற கொத்தனாரின் வழக்கு, 1978. உச்ச நீதிமன்றமே அவருக்கு ஜாமீன் கொடுத்துவிட்டது. மாஜிஸ்திரேட் 10,000 ரூபாய்க்கு ஜாமீன்தாரர் கேட்டார். கொத்தனாரின் சகோதரர் முன்வந்தார். அவருடைய சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறது என்று சொல்லி மாஜிஸ்திரேட் ஏற்க மறுத்துவிட்டார். நாட்டின் உச்ச நீதிமன்றம் விடுவித்த மனிதர், மாவட்ட எல்லை ஒன்றில் மாட்டிக்கொண்டு சிறையிலேயே இருந்தார். மறுபடியும் உச்ச நீதிமன்றத்துக்கு மனுப் போட்டு, நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் 1,000 ரூபாய்க்கான சொந்தப் பிணையில் விடச் சொன்ன பிறகுதான் முடிச்சு அவிழ்ந்தது. இதில் வில்லன் யார்? வசனம் எங்கே வைப்பது? தயாரிப்பாளரிடம் இந்தக் கதையைச் சொன்னால் எழுந்து போய்விடுவார். ஆனால் தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022-ஆம் ஆண்டுக் கணக்குப்படி இந்தியச் சிறைகளில் இருப்பவர்களில் ஏறக்குறைய நான்கில் மூன்று பேர் விசாரணைக் கைதிகள். குற்றம் நிரூபிக்கப்படாதவர்கள். 1979-இல் ஹுசைனாரா காத்தூன் வழக்கில், பீகார் சிறைகளில் தண்டனைக் காலத்தையும் தாண்டி விசாரணைக் கைதிகளாகவே கிடந்தவர்களைக் கண்டு உச்ச நீதிமன்றம் அதிர்ந்தது. விரைவான விசாரணை அடிப்படை உரிமை என்று அப்போதே சொல்லிவிட்டது.

இந்தக் காத்திருப்பைப் படமாக்க முடியும் என்று நிரூபித்தவர் சைதன்ய தம்ஹானே. 2014-இல் வந்த அவருடைய மராத்திப் படம் ‘கோர்ட்’, அந்த ஆண்டின் சிறந்த படத்துக்கான தேசிய விருதைப் பெற்றது. நாராயண் காம்ப்ளே என்ற முதிய மக்கள் பாடகர் மீது வழக்கு. அவர் பாடிய பாட்டைக் கேட்டு ஒரு சாக்கடைத் தொழிலாளி தற்கொலை செய்துகொண்டார் என்பது குற்றச்சாட்டு. அபத்தம்தான். அந்த அபத்தத்தை யாரும் உரத்துச் சொல்வதில்லை. நீதிபதி ஒவ்வொரு வாக்கியமாகத் தட்டச்சருக்குச் சொல்லச் சொல்ல, சாட்சியின் பேச்சு நீதிமன்ற மொழியாக மாறுவதை நாம் பொறுமையாகப் பார்க்க வேண்டியிருக்கிறது. அரசு வழக்கறிஞர் பழைய சட்டப் பிரிவுகளைப் படித்துக்கொண்டே போகிறார். பிறகு கேமரா அவரோடு வீட்டுக்குப் போய் அவர் சமைப்பதைக் காட்டுகிறது. கெட்டவர் இல்லை, களைத்துப்போன ஒரு மனுஷி. எதிர்த்தரப்பு வழக்கறிஞர் நல்ல மனிதர், வசதியான குடும்பம், காரில் பாட்டுக் கேட்டுக்கொண்டு போகிறார். அவருடைய நல்லதனமும் கட்சிக்காரரின் சிறைவாசமும் பக்கத்துப் பக்கத்தில் எந்த உரசலும் இல்லாமல் ஓடுகின்றன.

அதில் ஒரு சாட்சியம் வருகிறது. இறந்த தொழிலாளியின் மனைவி கூண்டில் ஏறுகிறார். சாக்கடையில் இறங்குவதற்கு முன் தன் கணவர் ஒரு கல்லைப் போட்டுப் பார்ப்பார், கரப்பான்பூச்சி வெளியே வந்தால் உள்ளே காற்று இருக்கிறது என்று தெரிந்துகொண்டு இறங்குவார் என்கிறார். முகமூடி கிடையாது, கையுறை கிடையாது. கணவருக்கு ஒரு கண் போயிருந்தது. இதைக் குரல் உயர்த்தாமல், கேட்டதற்குப் பதிலாகச் சொல்கிறார். அந்த ஒரு சாட்சியத்தோடு வழக்கு உடைந்துவிடுகிறது. தமிழ்ப் படமாக இருந்தால் இங்கே பின்னணி இசை எழும்பும், நீதிபதி கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். இங்கே அடுத்த வாய்தா கொடுக்கிறார்கள். காம்ப்ளே ஜாமீனில் வெளியே வருகிறார், வேறொரு கடுமையான சட்டத்தில் மறுபடி கைதாகிறார். கோடை விடுமுறைக்கு நீதிமன்றம் மூடப்படுகிறது. நீதிபதி குடும்பத்தோடு சுற்றுலா போகிறார். தீர்ப்பு? அதைக் காட்டும் எண்ணமே இயக்குநருக்கு இல்லை.

‘ஜெய் பீம்’ பற்றிச் சொல்லாவிட்டால் நீங்கள் விடமாட்டீர்கள். த.செ. ஞானவேல் இயக்கி 2021 நவம்பரில் வந்த இந்தப் படத்தின் முதல் காட்சிதான் என்னைப் பொறுத்தவரை அதன் உச்சம். சிறை வாசலில் விடுதலையாகி வருகிறவர்களை நிறுத்தி, என்ன சாதி என்று கேட்கிறார்கள். சில சாதிகளைச் சொன்னவர்கள் போகலாம். மற்ற சிலரை ஓரமாக நிறுத்தி, முடிக்க வேண்டிய பழைய வழக்குகளுக்காகப் பல காவல் நிலையத்தார் பங்கு பிரித்துக்கொள்கிறார்கள். இதற்கு வரலாறு உண்டு. 1871-இல் ஆங்கில அரசு குற்றப் பரம்பரைச் சட்டம் கொண்டுவந்து, பிறப்பாலேயே சில சமூகங்களைக் குற்றவாளிகள் என்று பதிவு செய்தது. சுதந்திரத்துக்குப் பின் சட்டம் போனது. சந்தேகப் பார்வையும் வழக்கமாகக் குற்றம் செய்பவர் என்ற முத்திரையும் காவல் நிலையப் பதிவேடுகளிலும் சிறை விதிகளிலும் தங்கிவிட்டன. சிறைகளில் சாதிப்படி வேலை பிரிக்கும் விதிகளை உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது எப்போது தெரியுமா? 2024 அக்டோபரில்.

படத்தின் மற்றொரு பலம், ஆட்கொணர்வு மனு என்ற ஒரு சட்டக் கருவியை எந்த அலங்காரமும் இல்லாமல் பொதுமக்களுக்கு அறிமுகப்படுத்தியது. காவலில் இருந்த ஆளைக் காணவில்லை என்றால், கொண்டுவந்து காட்டு என்று அரசையே கேட்கலாம். அந்த வகை மனுவில் வழக்கமாகச் சாட்சிகளை விசாரிப்பதில்லை என்பதும், அவசரநிலைக் காலத்தில் கேரளத்தில் காணாமல்போன மாணவர் ராஜனின் வழக்கு விதிவிலக்காக விசாரிக்க வழிகாட்டியது என்பதும் ஒரு வெகுஜனப் படத்தில் வந்தது சின்ன விஷயம் இல்லை. மனுதாரரான செங்கேணி, காவலில் இருந்து காணாமல்போனதாகச் சொல்லப்பட்ட பழங்குடி இளைஞனின் மனைவி, நிறைமாத கர்ப்பிணியாக உயர் நீதிமன்றப் படியேறுகிறாள். அங்கே எத்தனை படிகள், எத்தனை கதவுகள் என்பது அவளுக்குத் தெரிய வழியே இல்லை.

ஆனால் அதே படம் பழைய சூத்திரத்துக்கும் திரும்புகிறது. கட்டணம் வாங்காத மேதை ஒருவர் வந்து காப்பாற்றுகிறார். படத்துக்கு அடிப்படையான வழக்கை நிஜ வாழ்க்கையில் நடத்திய கே. சந்துரு அப்படிப்பட்ட மனிதர்தான், பிறகு உயர் நீதிமன்ற நீதிபதியாகவும் இருந்தவர். படம் அவரைக் கற்பனையாக ஊதிப் பெருக்கவில்லை. எனக்குள்ள குறை வேறு. 1993-இல் காவலில் நடந்த அந்தக் கொடுமைக்கு உயர் நீதிமன்றத்தின் தீர்ப்பு 2006-இல் வந்தது. அந்த 13 ஆண்டுகள் படத்தின் வேகத்தில் கரைந்துவிடுகின்றன. பார்ப்பவர் மனத்தில் நிற்பது, சரியான வழக்கறிஞர் கிடைத்தால் போதும் என்ற நம்பிக்கை. அரசியலமைப்பின் 39ஏ பிரிவும் 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டமும் அந்த வழக்கறிஞரை அரசே கொடுக்க வேண்டும் என்கின்றன. பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், காவலில் இருப்பவர்கள் எல்லோருக்கும் வருமான வரம்பு பார்க்காமல் அந்த உரிமை உண்டு. ஏழைக்குத் தேவை மகான் இல்லை, வாய்தா தவறாமல் வந்து நிற்கும், வேலை தெரிந்த, சம்பளம் ஒழுங்காகக் கிடைக்கும் ஒரு வழக்கறிஞர். அப்படிப்பட்ட இலவச சட்ட உதவி வழக்கறிஞர் நாயகனாக வரும் பெரிய தமிழ்ப் படம் என் நினைவுக்கு வரவில்லை.

அந்தத் திசையில் கொஞ்சம் நெருங்கியது 2022-இல் வந்த ‘கார்கி’. சிறுமிக்கு எதிரான பாலியல் குற்றத்தில் கைதான தந்தைக்காக மகள் அலைகிறாள். வழக்கை எடுக்க வழக்கறிஞர்கள் மறுக்கிறார்கள். திக்கிப் பேசும் ஒரு இளம் வழக்கறிஞர் வருகிறார். வாதத் திறமையே நீதி என்ற எழுபது வருட மரபுக்கு அந்தத் திக்கல் ஒரு நல்ல பதில். இன்னாருக்காக யாரும் ஆஜராகக் கூடாது என்று வழக்கறிஞர் சங்கங்கள் தீர்மானம் போடுவது செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 2010-இல், தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு வழக்கிலேயே தீர்ப்பளித்திருக்கிறது. படத்தில் நீதிபதி இருக்கையில் இருப்பவர் திருநங்கை. அந்தப் பாத்திரத்தில் திருநங்கை ஒருவரே நடித்திருக்கிறார். முடிவைச் சொல்லிக் கெடுக்க விரும்பவில்லை.

நீதிமன்றம் மெதுவாக நடக்கிறது என்ற எரிச்சலைத் தமிழ் சினிமா இரண்டு வழிகளில் தீர்த்துக்கொண்டது. இரண்டுமே ஏற்றத்தாழ்வைக் கூட்டுகிறவை, இரண்டுக்குமே அதிகக் கைதட்டல் கிடைத்தது. ஒன்று, ஆலமரத்தடி. 1994-இல் வந்த ‘நாட்டாமை’யில் ஒரு பெண்ணைக் கெடுத்தவனுக்குக் கிடைக்கும் தீர்ப்பு, அவளையே அவன் மணக்க வேண்டும் என்பது. அந்தப் பெண்ணிடம் யாரும் கேட்கவில்லை. தீர்ப்புச் சொல்கிறவர் எப்படி அந்த இடத்துக்கு வந்தார்? அப்பா நாட்டாமை, அதனால் மகன் நாட்டாமை. படத்துக்கு அதில் சிக்கலே தெரியவில்லை. தவறு செய்தவன் குடும்பத்தை 18 ஆண்டுகள் ஊரே ஒதுக்கிவைப்பதும் கம்பீரமாகக் காட்டப்படுகிறது. ஒதுக்கிவைத்தல் என்ற ஆயுதம் நம் ஊர்களில் யார்மீது அதிகம் பாய்ந்திருக்கிறது என்று சேரிகளில் கேட்டால் சொல்வார்கள். கட்டப்பஞ்சாயத்துகள் சட்டவிரோதமானவை, ஒழிக்கப்பட வேண்டியவை என்று உச்ச நீதிமன்றம் 2011-இல் ஆறுமுகம் சேர்வை வழக்கில் எழுதியது. அதுவும் தமிழ்நாட்டிலிருந்து போன வழக்குத்தான்.

மற்றொன்று, என்கவுன்ட்டர். விறைப்பான சீருடை, மெதுவான நடை, ஒரு குண்டு, கொட்டகையில் விசில். இந்தக் காட்சிகளை ரசித்துப் பழகிய கைகள்தான் 2019-இல் ஹைதராபாத்தில் பாலியல் கொலை வழக்கில் கைதான நால்வரைப் போலீஸ் சுட்டபோது பூத்தூவின. உச்ச நீதிமன்றம் அமைத்த சிர்புர்கர் ஆணையம், அவர்களைக் கொல்லும் நோக்கத்தோடுதான் சுட்டார்கள் என்று 2022-இல் அறிக்கை கொடுத்தது. அதற்குள் விசிலடித்தவர்கள் அடுத்த படத்துக்குப் போய்விட்டார்கள். ‘ஜெய் பீம்’ எடுத்த அதே ஞானவேல், ரஜினிகாந்தை வைத்து ‘வேட்டையன்’ (2024) எடுத்தபோது, தவறான ஆளைச் சுட்டுவிட்ட என்கவுன்ட்டர் அதிகாரியைக் கதையின் நடுவில் நிறுத்தினார். சுடப்பட்டவன் குடிசைப் பகுதிக்காரன். யாரைச் சுட்டால் கேள்வி வராது என்பதை அந்தப் படம் சரியாகவே புரிந்துவைத்திருக்கிறது. ஆனாலும் நாயகனின் நடைக்கும் துப்பாக்கிக்கும் இசை போட்டுக்கொண்டே அந்த நடையைக் கேள்வி கேட்கப் பார்ப்பதால் படம் இரண்டாகப் பிளந்து கிடக்கிறது.

படங்களால் வழக்கின் போக்கையே மாற்ற முடியுமா என்றும் சிலர் கேட்பார்கள். ஒரு முறை நேராகவே நடந்திருக்கிறது. அமெரிக்காவின் டல்லஸில் 1976-இல் ஒரு போலீஸ்காரர் சுட்டுக் கொல்லப்பட்ட வழக்கில் ராண்டல் டேல் ஆடம்ஸ் என்பவருக்கு மரண தண்டனை விதித்தார்கள், பிறகு அது ஆயுள் தண்டனையாகக் குறைந்தது. எரோல் மோரிஸ் 1988-இல் எடுத்த ‘தி தின் புளூ லைன்’ என்ற ஆவணப்படம் சாட்சிகள் ஒவ்வொருவரும் சொன்னதைத் திரும்பத் திரும்ப நடித்துக் காட்டி, ஒன்றோடொன்று பொருந்தவில்லை என்று காட்டியது. அடுத்த ஆண்டு அவர் விடுதலையானார். அதில் ஆவேச உரை ஒன்றுகூட இல்லை. காகிதங்களையும் கடிகார நேரத்தையும் ஒப்பிட்டுப் பார்க்கும் குமாஸ்தா வேலைதான்.

பார்ப்பதற்கு வரிசை கேட்டீர்கள். முதலில் ‘விசாரணை’, மனத்தைத் தயார்படுத்திக்கொண்டு. அடுத்து ‘ஜெய் பீம்’, கையில் ஒரு தாளோடு. ஒவ்வொரு காட்சியும் எந்த மனுவின் எந்தக் கட்டம் என்று எழுதிப் பழகுங்கள். ‘கோர்ட்’ மூன்றாவது. தூக்கம் வந்தால் நிறுத்திவிட்டு மறுநாள் பாருங்கள், அந்தச் சலிப்பும் பாடத்தில் அடக்கம். ‘பராசக்தி’யை எப்போது வேண்டுமானாலும் பார்க்கலாம், பேச்சுக்காக.

அதோடு செலவில்லாத ஒரு வேலையும் உண்டு. நம் நாட்டில் விசாரணை திறந்த நீதிமன்றத்தில் நடக்க வேண்டும் என்பது விதி. பாலியல் வழக்குகள் போன்ற சிலவற்றைத் தவிர மற்றவற்றை யார் வேண்டுமானாலும் உள்ளே உட்கார்ந்து பார்க்கலாம். உயர் நீதிமன்றத்துக்குப் போகாதீர்கள், மாஜிஸ்திரேட் நீதிமன்றம் ஒன்றுக்குக் காலை பத்தரை மணிக்குப் போங்கள். செல்போனை அணைத்துவிட்டுப் பின்வரிசையில் இடம் பிடியுங்கள். வழக்கு எண்களை வரிசையாகக் கூப்பிடுவார்கள். எத்தனை வழக்குகளுக்கு வாய்தா மட்டும் கொடுத்து அனுப்புகிறார்கள், கூண்டில் நிற்கிறவர்களில் எத்தனை பேர் வாய் திறக்கிறார்கள், யாருக்கு வழக்கறிஞர் வரவில்லை என்று குறித்துக்கொண்டு வாருங்கள். மதியத்துக்குள் உங்கள் கேள்விகளில் பாதி வேறு கேள்விகளாக மாறியிருக்கும். அவற்றை அனுப்புங்கள், பேசலாம்.